கடன் கழியும், கால்நடை மருத்துவர் நிற்பாரா?

2024 தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் பால்பண்ணைகளில் மாடுகள் திடீரெனத் தீனி எடுப்பதைக் குறைத்தன. பால் வற்றியது. கறந்த கொஞ்சப் பாலும் சீம்பால் போல மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருந்தது. என்ன நோய் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அமரில்லோ வட்டாரத்தில் பால்மாடுகளுக்கு மருத்துவம் பார்க்கும் பார்ப் பீட்டர்சன், பண்ணைகளில் பூனைகளும் பறவைகளும் செத்துக் கிடப்பதையும் சேர்த்துக் கவனித்தார். மாதிரிகளை எடுத்து அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நோயறி ஆய்வகத்துக்கு அனுப்பினார். பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 மாடுகளுக்குத் தாவியிருப்பது அப்படித்தான் வெளிப்பட்டது. மார்ச் 25 அன்று அமெரிக்க வேளாண் துறை அதை உறுதிசெய்தது.

பண்ணைக்குள் நாள்தோறும் கால்வைக்கும் ஒரு மருத்துவர் அந்த வட்டாரத்தில் இருந்ததால் இது நடந்தது. இப்படி ஆள் இல்லாத வட்டாரங்கள் அமெரிக்காவில் ஏராளம். கால்நடை மருத்துவர் பற்றாக்குறை உள்ள கிராமப் பகுதிகள் என்று 2025இல் வேளாண் துறை அறிவித்தவை 243. அவை 46 மாநிலங்களில் பரவிக் கிடக்கின்றன. இந்தப் பட்டியல் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை இவ்வளவு பெரிய எண்ணிக்கை வந்ததில்லை. உலகுக்கே மாட்டிறைச்சியும் பாலும் விற்கும் நாடு, தன் மாட்டைப் பார்க்க ஆள் தேடி நிற்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்க அந்நாட்டு மாநிலங்கள் கையில் எடுத்திருக்கும் முதன்மையான கருவி கல்விக்கடன். படிக்கும்போது கடன் கொடுத்து, கிராமத்தில் வேலை செய்தால் அதைத் தள்ளுபடி செய்வது ஒரு வகை. படித்து முடித்து வந்தவரின் பழைய கடனை, அவர் கிராமத்தில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இவ்வளவு என்று அரசு அடைப்பது மற்றொரு வகை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இவை நடைமுறையில் இருக்கின்றன. இவற்றால் பலன் உண்டா, உண்டென்றால் எந்த வடிவத்தில், எங்கே இவை கைவிடுகின்றன என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

முதலில் பற்றாக்குறையின் வேரைப் பார்ப்போம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் கிளின்டன் நீல், ஃபார்ம் ஜர்னல் அறக்கட்டளைக்காக 2022இல் ஓர் அறிக்கை தயாரித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கால்நடை மருத்துவம் படித்து வெளிவந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் ஆடு, மாடு, பன்றி, கோழி பக்கம் போனார்கள். இப்போது 3, 4 விழுக்காடுதான் என்கிறது அது. மீதிப் பேர் எங்கே போகிறார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. பெரும்பாலானோர் நகர்ப்புறத்தில் நாய், பூனை மருத்துவமனைகளில் சேருகிறார்கள். அங்கே தொடக்கச் சம்பளம் கூடுதல், வேலை நேரம் ஒழுங்கு, இரவு இரண்டு மணிக்குப் பனியில் வண்டியோட்டிப் போய்க் கன்று இழுக்க வேண்டியதில்லை.

இதோடு கடன் சேர்கிறது. அமெரிக்காவில் கால்நடை மருத்துவப் படிப்பு என்பது இளங்கலைக்குப் பிறகு நான்கு ஆண்டு. கடன் வாங்கிப் படித்தவர்கள் பட்டம் பெறும் நாளில் தலையில் சுமக்கும் தொகை சராசரியாக 2 லட்சம் டாலரை ஒட்டி நிற்கிறது. கல்லூரிகளுக்கு மாநிலங்கள் கொடுத்துவந்த மானியம் சுருங்கச் சுருங்கக் கட்டணம் ஏறிய கதை இது. அந்தச் சுமையோடு வருகிற இருபத்தாறு வயதுப் பெண்ணிடமோ பையனிடமோ, ‘உன் ஊருக்கே வந்துவிடு, சம்பளம் மட்டும் கொஞ்சம் குறைவு’ என்று சொல்வது எளிதில்லை. பெண்ணை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு: இன்று அங்கே கால்நடை மருத்துவ மாணவர்களில் ஐந்தில் நால்வர் பெண்கள். கிராமப் பணி என்றால் அவர்களுடைய கணவருக்கும் அந்தச் சிற்றூரில் வேலை கிடைக்குமா, பிள்ளை பெற்றால் சில மாதங்களுக்கு இரவு அழைப்பை யார் ஏற்பார் என்ற கேள்விகளும் கூடவே வருகின்றன. கடன் திட்டங்களை வரைந்தவர்கள் இதைப் போதுமான அளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

பற்றாக்குறையின் வலி அண்மையில் கூடியதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. மனிதருக்கும் பயன்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கால்நடைத் தீவனத்தில் கலக்க 2017 சனவரியிலிருந்து மருத்துவரின் உத்தரவு கட்டாயமாயிற்று. 2023 சூன் மாதத்திலிருந்து ஊசியாகப் போடும் பென்சிலின், ஆக்சிடெட்ராசைக்ளின் முதலியவற்றையும் தீவனக் கடையில் நேரே வாங்க முடியாது. மருத்துவரின் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டை எழுத, மருத்துவர் அந்த மந்தையை அறிந்தவராக இருக்க வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதைத் தடுக்க இந்த விதி தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சீட்டு எழுத ஆளில்லாத கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), விதி நல்லதாக இருந்தும் மாட்டுக்காரர் தவித்துப் போகிறார். இதற்கிடையே, அமெரிக்கா 1966இல் தன் மண்ணிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்த திருகுப்புழு, மத்திய அமெரிக்கா, மெக்சிகோ வழியே மீண்டும் வடக்கே நகர்ந்துவருகிறது. ஈ புண்ணில் இடும் முட்டையிலிருந்து வெளிவந்து, உயிரோடிருக்கும் மாட்டின் தசையைத் தின்னும் புழு அது. முதல் புழுவை அடையாளம் காணப்போகிறவரும் ஏதோ ஒரு சிற்றூர் மருத்துவராகத்தான் இருப்பார்.

நடுவண் அரசு இந்தச் சிக்கலைத் தொட்டது 2003இல். அவ்வாண்டு இயற்றிய தேசியக் கால்நடை மருத்துவப் பணிச் சட்டம்தான் கடன் அடைப்புக்கு வழி திறந்தது. ஆனால் முதல் ஒப்பந்தங்கள் கையெழுத்தானது 2010இல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் விதிமுறை எழுதுவதிலேயே கழிந்தன. ஒவ்வொரு மாநிலத்தின் தலைமைக் கால்நடை நல அதிகாரியும் தம் மாநிலத்தில் எங்கே ஆள் இல்லை என்று பரிந்துரைக்க, வேளாண் துறை பட்டியலை இறுதிசெய்யும். அந்த இடத்துக்குப் போய் மூன்று ஆண்டு வேலை செய்ய ஒப்புக்கொள்பவரின் கடனில் ஆண்டுக்கு 25,000 டாலர் அரசால் அடைக்கப்படும் என்ற அளவில்தான் திட்டம் நெடுங்காலம் ஓடியது.

இதில் ஒரு நல்ல நுட்பம் இருக்கிறது. இடங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. முதல் வகையில் மருத்துவர் தம் முழுவேலையில் 80 விழுக்காட்டை உணவுக் கால்நடைகளுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாம் வகையில் 30 விழுக்காடு போதும். மூன்றாவது, ஆய்வகம், நோய்த் தடுப்பு போன்ற பொதுப்பணி. இந்த 30 விழுக்காடு என்ற எண்ணைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. மாடு பார்ப்பதால் மட்டும் பிழைக்க முடியாத ஊரில், நாயும் பூனையும் குதிரையும் பார்த்துக்கொண்டே மாட்டையும் பார்க்கும் மருத்துவர்தான் நிலைப்பார். சட்டம் அந்த உண்மையை ஒப்புக்கொண்டது.

ஆனால் அதே திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. அரசு அடைக்கும் கடன், மருத்துவரின் வருமானமாகக் கணக்கிடப்பட்டு அதன்மேல் வருமான வரி விழுகிறது. அந்தச் சுமை மருத்துவர் தலையில் விழாமலிருக்க, உதவித் தொகையின் 39 விழுக்காட்டுக்குச் சமமான பணத்தைத் திட்டமே வரித்துறைக்குக் கட்டுகிறது. வேளாண் துறை கொடுக்க, கருவூலம் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பணத்தில் இன்னும் பல மருத்துவர்களை ஊர்களில் அமர்த்தியிருக்கலாம். மனிதர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்கள் இதேபோன்ற தேசிய நலப்பணித் திட்டத்தில் பெறும் கடன் உதவிக்கு 2004இலிருந்து வரி கிடையாது. மாட்டு மருத்துவருக்கு மட்டும் ஏன் இந்தப் பாகுபாடு என்பதற்கு ஏற்கத்தக்க விடையை நான் எங்கும் பார்க்கவில்லை.

மாநிலங்களுக்கு வருவோம். இதில் நான் அதிகம் மதிப்பது கன்சாஸ் செய்ததை. 2006இல் அந்த மாநிலச் சட்டமன்றம், மன்ஹாட்டன் நகரில் உள்ள கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு ஐந்து மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் கடன், நான்காண்டில் 80,000. பட்டம் பெற்றபின் 35,000 பேருக்கு மிகாத மக்கள்தொகை உள்ள கன்சாஸ் கவுன்டியில் நான்கு ஆண்டு பணிசெய்தால் முழுக் கடனும் கழிந்துவிடும். ஓராண்டுப் பணிக்கு ஓராண்டுக் கடன். பாதியில் விலகினால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். விலைவாசியும் கட்டணமும் ஏறிய பிறகு, 2022இல் மாணவர் எண்ணிக்கையை ஏழாகவும் ஆண்டுத் தொகையை 25,000 ஆகவும் உயர்த்தினார்கள்.

எண்களை மட்டும் பார்த்தால் இது சிறிய திட்டம். ஆண்டுக்கு ஐந்து பேரால் 105 கவுன்டி கொண்ட மாநிலத்துக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அதன் வலு வேறு இடத்தில் இருக்கிறது. மாணவரைப் படிப்பின் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கிறார்கள். பணத்தோடு கூடவே, வெளிநாட்டு நோய்கள் நுழைந்தால் செய்ய வேண்டியது என்ன, சிற்றூரில் மருத்துவமனை நடத்திக் கணக்குப் பார்ப்பது எப்படி என்று வழக்கமான பாடத்துக்கு வெளியே பயிற்சி தருகிறார்கள். கோடையில் கிராமத்து மருத்துவர்களிடம் போய்த் தங்கிக் கற்கிறார்கள். நான்கு ஆண்டுகள் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து படிக்கும் அந்தச் சிறு குழு, பிறகு பக்கத்துப் பக்கத்துக் கவுன்டிகளில் ஒருவருக்கொருவர் துணையாகிறது. நிபந்தனைக் காலத்தை முடித்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் கிராமக் கவுன்டிகளிலேயே தொடர்கிறார்கள் என்று கல்லூரி சொல்லிவருகிறது. கடன் கழிந்த பிறகும் ஆள் நிற்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இத்துறையில் அரிது.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். இந்த மாணவர்களில் பலர் பண்ணை வீடுகளில் பிறந்தவர்கள். பணம் இல்லாமலேயே சிலர் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். ஆக, அந்தப் பத்தில் ஒன்பதில் எவ்வளவு கடனின் விளைவு, எவ்வளவு ஆளைத் தேர்ந்த விதத்தின் விளைவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் பார்வையில் அது குறையும் இல்லை. ஊரை விரும்பும் பிள்ளையைக் கண்டுபிடித்து, கடனுக்குப் பயந்து அவர் நகரத்துக்கு ஓடாமல் பார்த்துக்கொண்டால் அதுவே திட்டத்தின் வெற்றி.

மிசூரி 2007இலிருந்து பெருங்கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு இதேபோன்ற கடன் தருகிறது. டாக்டர் மெரில் டவுன்லி பெயரில் அமைந்த திட்டம் அது. முதலில் ஆண்டுக்கு ஆறு பேர், ஆளுக்கு 20,000 டாலர். 2023இல் சட்டத்தைத் திருத்திப் பன்னிரண்டு பேர், 30,000 டாலர், மொத்தம் 1,20,000 வரை என்று ஆக்கினார்கள். கடனின் எடை ஏறும்போது உதவியும் ஏற வேண்டும் என்ற எளிய நியாயத்தை அவர்கள் தாமதமாகவேனும் உணர்ந்தார்கள். பல மாநிலங்களில் தொகை பத்து, பதினைந்து ஆண்டுகளாக அசையாமல் கிடந்து, அதன் ஈர்ப்பு தானாகவே தேய்ந்துபோனது.

வடக்கு டகோட்டாவில் கால்நடை மருத்துவக் கல்லூரியே கிடையாது. அதனால் படித்துவிட்டு வருபவரின் கடனை அடைக்கும் வழியை எடுத்தது. அங்கே பழைய விதி எனக்குப் பிடித்தமானது: முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 15,000 டாலர் வீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 25,000 வீதம், ஆக 80,000. பின்பாதியில் கூடுதல் பணம் வைத்ததில் அனுபவம் தெரிகிறது. புதிய மருத்துவர் ஊரைவிட்டுப் போக நினைப்பது பெரும்பாலும் இரண்டாம் குளிர்காலத்துக்குப் பிறகுதான். அதற்குள் வீடு வாங்கி, ஊர்க்காரர்களின் பெயர் பழகி, மந்தைகளின் வரலாறு தெரிந்துவிட்டால் கால் ஊன்றிவிடும். அயோவா 2021இல் தொடங்கிய திட்டம் ஆண்டுக்கு 15,000 வீதம் நான்காண்டில் 60,000 தருகிறது. பன்றி வளர்ப்பில் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் மாநிலம், சொந்தமாகப் புகழ்பெற்ற கால்நடைக் கல்லூரி வைத்திருக்கும் மாநிலம், அதற்கே ஆள் போதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கல்லூரி இல்லாத மாநிலங்கள் வேறு உத்தியும் கண்டிருக்கின்றன. நெப்ராஸ்கா மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டு லிங்கனில் படித்து, அடுத்த இரண்டை அயோவாவின் ஏம்ஸ் நகரில் முடிக்கும் ஏற்பாடு 2007இலிருந்து நடக்கிறது. தெற்கு டகோட்டா 2021இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தோடு அதே போன்ற இணைப்பைச் செய்துகொண்டது. கல்லூரி உள்ள டெக்சாஸ் இன்னும் பெரிதாகச் செய்தது. மாநிலத்தின் பழைய கல்லூரியிலிருந்து வடகோடி மேய்ச்சல் நிலம் பல நூறு மைல் தள்ளி இருப்பதால், டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் 2021இல் அமரில்லோவிலேயே புதிய கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்தது. கட்டுரைத் தொடக்கத்தில் சொன்ன பால்பண்ணைகள் அதன் சுற்றுவட்டாரம்தான். சொந்தப் பயிற்சி மருத்துவமனை கட்டாமல், இறுதியாண்டு மாணவர்களை அந்த வட்டாரச் சிற்றூர் மருத்துவமனைகளுக்கே அனுப்பிக் கற்பிக்கிறது. 2025இல் முதல் தொகுதியினர் பட்டம் பெற்று வெளிவந்தார்கள். சிற்றூர் வேலையைப் படிக்கும்போதே கையால் செய்து பார்த்தவருக்கு அதன்மேல் அச்சம் இருக்காது. இந்த முறையில் எனக்கு நம்பிக்கை உண்டு.

இனி எதிர்வாதம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, நாடு தழுவிய கால்நடை மருத்துவர் பற்றாக்குறை இருப்பதாகச் சான்று இல்லை என்றது. கிராமத்தில் ஆள் இல்லாததற்கு அது காட்டிய காரணம் வேறு: பல பகுதிகளில் மாடுகளின் எண்ணிக்கையும் பண்ணையாளரின் செலவுசெய்யும் திறனும் ஒரு முழுநேர மருத்துவருக்கு வாழ்வளிக்கப் போதாது. இந்த வாதத்தைப் புறந்தள்ள முடியாது. இறைச்சிக்கு மாடு வளர்ப்பவரின் சராசரி மந்தை அங்கே ஐம்பதுக்கும் குறைவு. 2025 தொடக்கத்தில் நாட்டின் மொத்த மாடுகள் 8 கோடியே 67 லட்சம். 1951க்குப் பிறகு அன்றுவரை அதுவே மிகக் குறைவு. ஒரு சினைப் பரிசோதனைக்கு அறுபது மைல் போய் அறுபது மைல் திரும்பினால், பண்ணையாளர் கொடுக்கும் கட்டணம் எரிபொருளுக்கும் நேரத்துக்குமே சரியாகப் போகும். ஆண்டுக்கு இருபதாயிரம் டாலர் கடனை அரசு அடைத்தாலும் அந்தக் கணக்கு மாறுவதில்லை. நான்காம் ஆண்டின் கடைசி நாளில் உதவி நின்றுவிடும். அறுபது மைல் அப்படியே இருக்கும்.

ஆகவே, கடன் திட்டம் நல்ல வாசல், ஆனால் வீடு கட்டித் தராது என்றே நான் முடிவுக்கு வருகிறேன். ஒரு மருத்துவர் சிற்றூரில் நிலைக்க வேறு சிலவும் வேண்டும். ஓய்வுபெறும் மூத்த மருத்துவரிடமிருந்து மருத்துவமனையை வாங்க மலிவு வட்டியில் முதல் வேண்டும். பழைய கடனே தீராதவருக்கு வங்கி புதுக்கடன் தரத் தயங்குவதால், வாங்க ஆளின்றிப் பல சிற்றூர் மருத்துவமனைகள் மூத்தவரோடு மூடிப்போகின்றன. கருவி வாங்கவும் மருத்துவமனையை விரிக்கவும் 2014 வேளாண் சட்டத்தின் வழியே ஒரு நடுவண் மானியம் வந்தது. அதன் நிதி தேவையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. இரண்டாவதாக, பயிற்சி பெற்ற கால்நடைச் செவிலியர்கள். இரத்த மாதிரி எடுப்பதற்கும் தடுப்பூசி போடுவதற்கும் மருத்துவரே வர வேண்டும் என்றால் அவர் நாள் சாலையிலேயே கழியும். மூன்றாவதாக இரவுப்பணி. மூன்று கவுன்டி மருத்துவர்கள் முறைவைத்து இரவு அழைப்பைப் பகிர்ந்தால் ஒவ்வொருவரும் மூன்றில் இரண்டு இரவு உறங்கலாம். கடன் உதவியை இத்தகைய கூட்டணிக்குத் தருவதாக மாநிலங்கள் விதி மாற்றினால், ஒருவரைத் தனியாகக் கொண்டுபோய் அமர்த்துவதைவிடப் பலன் கூடும்.

எந்தக் கடன் வடிவம் மேல் என்ற கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும். படித்தபின் அடைக்கும் முறையில் அரசுக்கு ஆபத்து குறைவு. வந்து நிற்பவருக்கே பணம். ஆனால் எப்படியும் வரவிருந்தவருக்கே பணம் போய்ச்சேர வாய்ப்பு அதிகம். படிக்கும்போதே கடன் தரும் முறையில் இருபத்திரண்டு வயதில் ஒருவர் எட்டாண்டுக்கு வாக்குக் கொடுக்கிறார். காதல், நோய், பெற்றோரின் முதுமை எதுவும் குறுக்கிடலாம். அப்போது வட்டியோடு கூடிய கடன் கழுத்தை இறுக்கும். இருந்தும் இரண்டாவதே சிறந்தது என்பது என் முடிவு, கன்சாஸ் போலப் பயிற்சியும் துணையும் சேர்ந்தால். விலகுவோருக்கு வட்டியைத் தளர்த்த வேண்டும். பக்கத்துக் கவுன்டிக்கு மாறிப் பணியைத் தொடரவும் இடம் தர வேண்டும்.

இந்த முடிவுக்கு இப்போது புதிய அவசரமும் வந்திருக்கிறது. 2025 சூலையில் கையெழுத்தான நடுவண் சட்டம், 2026 சூலை முதல் புதிதாகச் சேரும் தொழிற்படிப்பு மாணவர்கள் நடுவண் அரசிடம் பெறும் கடனுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைக்கிறது. வெளிமாநிலக் கல்லூரியில் முழுக் கட்டணம் கட்டும் மாணவருக்கு இது போதாது. மீதியைத் தனியார் வங்கியில், கூடிய வட்டிக்கு, பெற்றோரின் பொறுப்புக் கையெழுத்தோடு வாங்க வேண்டியிருக்கும். சொத்துள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கும். சிறு பண்ணைக்காரரின் பிள்ளை, ஊருக்குத் திரும்பக்கூடிய அதே பிள்ளை, படிப்பையே கைவிடக்கூடும். கல்லூரி இல்லாத மாநிலங்களுக்குத்தான் இதனால் அதிக இழப்பு. அந்த இடைவெளியை நிரப்புவது இனி மாநிலக் கடனின் வேலை.

வாஷிங்டன் செய்யக்கூடிய முதல் காரியம் செலவில்லாதது போன்றதே: கால்நடை மருத்துவரின் கடன் உதவிமேல் விழும் வரியை நீக்குவது. அதற்கான சட்டமுன்வரைவு வெவ்வேறு பெயர்களில் பல நாடாளுமன்றங்களில் வந்துபோயிற்று. இரு கட்சியினரும் சேர்ந்து முன்மொழிந்த அது, கிராமக் கால்நடை மருத்துவப் பணியாளர் சட்டம் என்ற பெயரில் 2025இலும் மீண்டும் அறிமுகமானது. 243 இடங்கள் காத்திருக்கின்றன. அதை இந்த முறையாவது நிறைவேற்றுங்கள்.